நெகற்றிவ் ஓரத்துக் குறிகளைக் கொண்டு படத்தின் காலத்தைக் கணிக்க முடியுமா?

கேள்வி (நல்லூரிலிருந்து)

அனைவருக்கும் வணக்கம். என் பெரிய மாமா யாழ் நகரில் நெடுங்காலம் ஸ்ரூடியோ நடத்தியவர். அவருடைய தகரப் பெட்டி ஒன்று அண்மையில் என் பொறுப்புக்கு வந்திருக்கிறது. உள்ளே இருப்பவற்றை ஒழுங்குபடுத்திக் கணினியில் ஏற்றி, ஒவ்வொன்றும் ஏறத்தாழ எந்த ஆண்டுக்குரியது என்று எழுதிவைக்க விரும்புகிறேன். ஆனால் உறைகளைக் கறையான் அரித்துவிட்டதால், அவற்றின் மேல் மாமா எழுதிவைத்த குறிப்பு எதுவும் மிஞ்சவில்லை. கனடாவில் இருக்கும் மைத்துனர், நெகற்றிவ்வின் ஓரத்திலேயே ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும், அதைப் பார்த்தாலே போதும் என்கிறார். நான் பார்த்தவரையில் ஆண்டு என்று வாசிக்கக்கூடிய எண் எதுவும் அங்கே இல்லை.

பெட்டியில் பெரும்பகுதி 35 மி.மீ. கறுப்பு வெள்ளைக் கீலங்கள். சிலவற்றின் ஓரத்தில் ‘கொடக் சேஃப்டி பிலிம் 5063’ என்றும், சிலவற்றில் ‘இல்ஃபோர்ட் எச்பி5’ என்றும், வேறு சிலவற்றில் ‘ஓர்வோ’ என்றும் ஆங்கில எழுத்துகள் உள்ளன. கீழ் ஓரத்தில் 12, 12ஏ, 13, 13ஏ என்று எண்கள் ஓடுகின்றன. ஆனால் அவை படத்தின் நடுவில் நிற்காமல் ஏனோதானோவென்று விலகி நிற்கின்றன. இவை தவிர, உள்ளங்கை அளவான தனித்தாள் நெகற்றிவ்கள் சில இருக்கின்றன. அவற்றின் ஒரு மூலையில் சிறு வெட்டுகள் காணப்படுகின்றன. ஒரு 16 மி.மீ. சுருளின் ஓரத்தில் முக்கோணக் குறி ஒன்று இருக்கிறது.

இக்குறிகளை இட்டவர் யார், பிலிம் செய்யும்போது எந்தக் கட்டத்தில் இட்டார்கள், இவற்றைக் கொண்டு காலத்தை எவ்வளவு உறுதியாகச் சொல்லலாம் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் பெரும் உதவியாக இருக்கும்.

பதில் (கொக்குவிலிலிருந்து)

உங்கள் மைத்துனர் சொல்வது பாதி சரி. ஓரத்தில் இருப்பவற்றைப் படம் பிடித்தவரும் இடவில்லை, கழுவிய ஸ்ரூடியோவும் இடவில்லை. பிலிம் உறையில் அடைபடுவதற்கு முன்பே, தொழிற்சாலையின் முழு இருட்டில் இடப்பட்டவை அவை. ஆகவே அவை பிலிம் தயாரிக்கப்பட்ட காலத்தைப் பற்றித்தான் பேசும். படம் பிடித்த நாளைப் பற்றி அவற்றுக்கு எதுவும் தெரியாது.

செய்முறையைச் சொன்னால் இது தெளிவாகும். பிலிம் முதலில் ஒரு மீற்றருக்கும் மேற்பட்ட அகலமும், பல நூறு மீற்றர் நீளமும் கொண்ட பெருஞ்சுருளாகவே உருவாகிறது. அடித்தளம் செலுலோசு அசற்றேற்று என்றால், அதைக் கரைப்பானில் கரைத்துத் தேன்போன்ற பதத்தில், மெதுவாகச் சுழலும் பளபளப்பான உலோகச் சில்லின் மேல் ஊற்றுவார்கள். கரைப்பான் ஆவியாகிப் போனதும் எஞ்சும் மெல்லிய தகட்டை உரித்தெடுத்துச் சுற்றுவார்கள். பொலியெஸ்ரர் என்றால் உருக்கிப் பிதுக்கி, நீளவாட்டிலும் அகலவாட்டிலும் இழுத்து உறுதியாக்குவார்கள். அதன் மேல்தான் ஒளியை உணரும் வெள்ளி ஏலைட்டு கலந்த ஜெலற்றின் பூசப்படுகிறது.

பூசுவதில்தான் இத்துறையின் மிகச் சிறந்த கண்டுபிடிப்புகள் இருக்கின்றன என்பது என் எண்ணம். ஆரம்ப காலத்தில் ஒரு தடவைக்கு ஒரு படலம் என்று பூசி, உலர்த்தி, மறுபடியும் பூசினார்கள். கொடக் நிறுவனத்தின் ரசல் என்பவருக்கு 1956 இல் கிடைத்த காப்புரிமை அதை மாற்றியது. சரிவான ஓர் உலோகப் பரப்பில் ஒன்றின் கீழ் ஒன்றாகப் பல நீண்ட பிளவுகள் இருக்கும். ஒவ்வொரு பிளவிலிருந்தும் ஒரு கரைசல் வழிந்து, கீழே வரும் கரைசலின் மேல் ஏறிப் படிந்து, எல்லாம் ஒன்றோடொன்று கலக்காமல் ஓர் அடுக்காகவே சரிந்து சென்று, அடியில் ஓடிக்கொண்டிருக்கும் பிலிமில் ஒரே நேரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஓட்டம் சீராக இருக்கும் வரை படலங்கள் கலப்பதில்லை. உடனே குளிரூட்டினால் ஜெலற்றின் உறைந்து அந்த ஒழுங்கைப் பிடித்துவைத்துக்கொள்ளும். 1970 இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த ஹியூஸ் என்பவர் பெயரில் வந்த காப்புரிமை, அந்த அடுக்கைத் திரைச்சீலைபோல் காற்றில் விழவிட்டுப் பிலிமில் ஏற்றுவதைப் பற்றியது. வர்ணப் பிலிமில் பத்துக்கும் மேற்பட்ட படலங்கள் இருந்தும் விலை பொதுமக்களுக்கு எட்டியதற்கு இவ்விரண்டும் முக்கிய காரணங்கள்.

உலர்ந்த பெருஞ்சுருளை அதன் பின்னரே 35 மி.மீ. கீலங்களாக நெடுக்காகக் கிழித்து, ஓரத்துளைகளை இடுவார்கள். துளைக்குத் துளை 4.75 மி.மீ. இடைவெளி. சினிமா நெகற்றிவ்வில் மட்டும் அது 4.74 மி.மீ. ஆகக் குறைக்கப்பட்டிருக்கும், பிரதி எடுக்கும் பொறியில் நெகற்றிவ்வும் பிரதிப் பிலிமும் ஒரே பற்சில்லைச் சுற்றி ஒன்றாக வளையும்போது, உட்புறம் இருக்கும் நெகற்றிவ் சற்றுக் குறுகியதாக இருந்தால்தான் இரண்டும் வழுக்காமல் ஓடும். ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்குக்கு இவ்வளவு கவனம்.

நீங்கள் கேட்ட குறிகள் துளையிடும் இந்தக் கட்டத்தில்தான் வருகின்றன. கீலம் ஓடும்போது அதன் ஓரத்தில் மட்டும் சிறு வெளிச்சத்தால் எழுத்தும் எண்ணும் பதிக்கப்படும். முன்பு எழுத்து வெட்டப்பட்ட சுழலும் சில்லினூடாக ஒளியைச் செலுத்தினார்கள். பின்னாளில் ஒளிகாலும் இருவாயிகள் (எல்ஈடி விளக்குகள்) அந்த வேலையைச் செய்தன. பதிந்தது கண்ணுக்குத் தெரியாத மறைவிம்பமாகவே இருக்கும். நீங்கள் படம் பிடித்துக் கழுவும்போது, உங்கள் படத்தோடு சேர்ந்து அதுவும் வெளிப்படும். நெகற்றிவ்வில் எழுத்துகள் கறுப்பாக இருப்பது இதனால்தான்.

மையால் அச்சடித்தால் என்ன என்று தோன்றலாம். மை டெவலப்பரில் கரையும், சுற்றும்போது அடுத்த சுற்றில் ஒட்டும். அச்சின் அழுத்தமே எமல்சனில் (ஒளியுணரும் ஜெலற்றின் படலத்தில்) கறையை உண்டாக்கும். தனித்தாள் எக்ஸ்ரே பிலிம்களில் லேசர் கொண்டு புள்ளி புள்ளியாகப் பொறிக்கும் முறை பின்னர் வந்தது. காபனீரொட்சைட்டு லேசரின் 10.6 மைக்ரோமீற்றர் கதிரை வெள்ளி ஏலைட்டு உணராது என்பதால் அது பொருத்தமாகத் தோன்றியது. ஆனால் சுடப்பட்ட இடத்திலிருந்து கிளம்பும் ஆவி கண நேரம் ஒளிர்ந்து, சுற்றியுள்ள பிலிமைப் புகைபடியச் செய்துவிடும். லேசர்த் துடிப்பைக் குறுக்குவதும், ஆவியைக் காற்றால் ஊதி அகற்றுவதும் அதற்குக் கண்ட பரிகாரங்கள். சுருளாக ஓடும் எந்தப் பொருளுக்கும் இப்படி ஒரு குறி தேவைப்படுகிறது. பிஸ்கற் பைக்கற்றின் ஓரத்தில் இருக்கும் சிறு கறுப்புக் கட்டமும், எங்கே வெட்டுவது என்பதை இயந்திரத்தின் ஒளியுணரிக்குச் சொல்வதற்காக இடப்பட்டதே.

பதில் (திருநெல்வேலியிலிருந்து)

தம்பி, நான் இருட்டறையில் காலம் கழித்தவன். மேலே சொன்னதோடு சிலவற்றைச் சேர்க்கிறேன்.

முதலில், பிலிமின் பெயரை வைத்து ‘இந்த ஆண்டுக்கு முற்பட்டதல்ல’ என்று உறுதியாகச் சொல்லலாம். 5063 என்பது கொடக்கின் ட்ரை எக்ஸ். அது 35 மி.மீ. அளவில் 1954 இல் விற்பனைக்கு வந்தது. எச்பி5 வந்தது 1976 இல். அதன் பின் 1989 இல் ‘பிளஸ்’ என்ற சொல் சேர்ந்தது. ஆகவே ‘பிளஸ்’ இல்லாத எச்பி5 கீலம் இந்த இரண்டுக்கும் இடையில் தயாரான பிலிம் என்று கொள்ளலாம். ஓர்வோ அன்றைய கிழக்கு ஜேர்மனியின் வொல்ஃபென் நகரத் தயாரிப்பு. அந்தப் பெயர் 1964 இலிருந்துதான் வழங்குகிறது. அதற்கு முன் அங்கே தயாரான பிலிம்களில் அக்ஃபா என்றே இருக்கும். உதகமண்டலத்தில் 1960 இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ பிலிமும் உங்கள் பெட்டியில் அகப்படக்கூடும்; பாருங்கள்.

துளைகளுக்கும் விளிம்புக்கும் இடையில் மெல்லிய கறுப்புக் கோடுகள் வரிசையாக இருந்தால், அந்தப் பிலிம் 1983 இல் கொடக் அறிமுகப்படுத்திய டீஎக்ஸ் முறைக்குப் பிற்பட்டது. இரண்டு வரிகளில் ஒன்று சீரான இடைவெளியில் கோடுகளைக் கொண்டது. அது வாசிக்கும் கருவிக்குத் தாளம் கொடுக்க மட்டுமே. மற்றது பிலிமின் வகையைச் சொல்லும். படங்களைக் கழுவி அச்சிடும் மினிலாப் இயந்திரம் அதை வாசித்து, அந்த வகைக்கு வேண்டிய நிறத் திருத்தத்தைத் தானே தேர்ந்துகொள்ளும். பிலிம் உறையின் வெளிப்புறத்தில் உள்ள வெள்ளியும் கறுப்புமான கட்டங்கள் வேறு வேலைக்கானவை. வெள்ளிக் கட்டம் என்பது வண்ணம் பூசாத வெறும் தகரம். கமெராவுக்குள் இருக்கும் ஊசிகள் அதைத் தொட்டால் மின் ஓடும், கறுப்பைத் தொட்டால் ஓடாது. அதைக் கொண்டே கமெரா பிலிமின் வேகத்தை அறிந்துகொள்ளும். அந்தக் கட்டங்களுக்கு மேல் நாங்கள் கறுப்பு நாடா ஒட்டி, வேகத்தை மாற்றிக் கமெராவை ஏமாற்றிய நாட்களும் உண்டு.

இனி உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் ஸ்ரூடியோக்களில் பிலிமின் வயதும் படத்தின் வயதும் எளிதில் ஒத்துப்போகாது. நாங்கள் 100 அடிச் சுருளைத் தகரத்தோடு வாங்கி, இருட்டறையில் தேவையான அளவு வெட்டிப் பழைய உறைகளில் சுற்றிக்கொள்வது வழக்கம். ஒரு தகரம் முடிவதற்கு நீண்ட நாள் செல்லும். கொழும்பிலிருந்து பொருட்கள் வருவது அரிதான காலங்களில், காலாவதியான பிலிமைக்கூட எறியாமல், சற்றுக் கூடுதல் வெளிச்சம் கொடுத்துப் பயன்படுத்தினோம். ஆகவே பெயரையும் கோடுகளையும் வைத்து முன்னெல்லையைத்தான் குறிக்கலாம். பின்னெல்லையைப் படத்துக்குள்ளேயே தேடுங்கள்: தெருவில் நிற்கும் கார், கடைப் பெயர்ப்பலகை, சேலைக் கரை, மின்கம்பம். நகரப் படம் என்றால் 1981 இல் எரியுண்ட பொது நூலகம் எந்த நிலையில் தெரிகிறது என்பதே பெரிய சான்று.

ஓடும் எண்கள் படத்தோடு பொருந்தாததற்கும் இதுதான் காரணம். எண் தொழிற்சாலையில் இடப்பட்டது. படம் எங்கே விழும் என்பது பிலிமைக் கமெராவில் ஏற்றியவர் எவ்வளவு இழுத்துச் செருகினார் என்பதைப் பொறுத்தது. ஆனாலும் அந்த எண்களை அலட்சியப்படுத்த வேண்டாம். ஒரு கலியாண வீட்டின் கீலங்கள் கலந்து கிடந்தால், 12, 12ஏ என்ற அந்த ஒழுங்கில் அடுக்கினால் பொன்னுருக்கலிலிருந்து கால்மாறிப் போவது வரை வரிசை தானே அமைந்துவிடும். தகரச் சுருளிலிருந்து வெட்டிய பிலிமில் மட்டும், ஒரு கீலத்தின் நடுவிலேயே எண் முடிந்து மறுபடியும் தொடக்கத்துக்குப் போகலாம்; அதைக் கண்டு இரண்டு றோல் என்று எண்ணிவிட வேண்டாம்.

தனித்தாள் நெகற்றிவ்களின் மூலை வெட்டு, இருட்டில் விரலால் தடவி அறிவதற்காக இடப்பட்டது. தாளை நெட்டுவாக்கில் பிடித்து, வெட்டு மேல் வலது மூலையில் இருந்தால் எமல்சன் உங்களை நோக்கியிருக்கிறது என்று பொருள். வெட்டுகளின் எண்ணிக்கையும் வடிவமும் பிலிமின் வகையைச் சொல்லும். கொடக் தாள்களில், 1949 க்கு முன், விளிம்பிலிருந்து முதலாவதாக உள்ள வெட்டு கூர்மையான ஆப்பு வடிவில் இருந்தால் அது எளிதில் தீப்பற்றும் நைத்திரேற்று அடித்தளம்; அடி வளைந்திருந்தால் பாதுகாப்பான அசற்றேற்று. இதைக் கட்டாயம் பாருங்கள். நைத்திரேற்று பிலிம் பற்றினால், எரிவதற்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே வெளிவிடுவதால் தண்ணீர் ஊற்றியும் அணைக்க முடியாது.

கேட்டவரின் மறுமொழி (நல்லூரிலிருந்து)

இருவருக்கும் மிகுந்த நன்றி. ஐயா சொன்னபடி கீலங்களை எண் ஒழுங்கில் அடுக்கத் தொடங்கிவிட்டேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன.

பெட்டியின் அடியில் ஒரு பழைய சிகரட் தகரத்துக்குள் வேறு சில நெகற்றிவ்கள் இருந்தன. அவை அம்மப்பாவுடையவை. அவர் மலாயாவில் புகையிரதப் பகுதியில் வேலை பார்த்து, ஓய்வூதியத்தோடு ஊருக்குத் திரும்பியவர். அவற்றில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலுள்ள வெற்றிடத்தில் ‘ஈப்போ’ என்று ஆங்கிலக் கையெழுத்தில் கறுப்பாக எழுதப்பட்டிருக்கிறது. நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மை அல்ல, படத்தோடு படமாக உள்ளே இருக்கிறது. இதுவும் தொழிற்சாலைக் குறியா?

மற்றது, 16 மி.மீ. சுருளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தபோது, முக்கோணத்தைத் தவிர இரண்டு வட்டங்களும் தெரிந்தன. வட்டங்கள் கறுப்பாகவும், முக்கோணம் கறுப்புப் பட்டையின் மேல் வெளிறியதாகவும் இருக்கின்றன.

பதில் (சுன்னாகத்திலிருந்து)

கையெழுத்துப் பற்றி நான் சொல்கிறேன். அது உங்கள் அம்மப்பாவின் கையெழுத்தாகவே இருக்க வேண்டும். ஹென்றி கெய்ஸ்மன் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்த முறை அது; கொடக் உரிமையாளர் ஈஸ்ற்மன் 1914 இல் அதை 300,000 டொலர் கொடுத்து வாங்கி, ‘ஓட்டோகிராஃபிக்’ என்ற பெயரில் கமெராக்களையும் பிலிமையும் வெளியிட்டார். பிலிமுக்கும் அதன் பின்புற மெல்லிய தாளுக்கும் இடையில் கரி பூசிய ஒரு மென்தாள் இருக்கும். கமெராவின் முதுகில் ஒரு சிறு கதவு. படம் எடுத்ததும் அதைத் திறந்து, கூடவே வரும் உலோகக் கூர்முனையால் தாளின் மேல் எழுதினால், அழுத்தப்பட்ட இடத்தில் மட்டும் கரி விலகி ஒளி புகும். கதவைச் சில வினாடிகள் வானத்தை நோக்கித் திறந்து வைத்து மூடிவிட்டால், எழுத்து மறைவிம்பமாகப் பிலிமில் பதிந்துவிடும். நெகற்றிவ்வில் கறுப்பாகவும், அச்சிட்ட படத்தில் வெள்ளையாகவும் தெரியும். 1930 களின் தொடக்கத்தோடு அம்முறை வழக்கொழிந்தது.

உங்கள் பெட்டியில் படம் பிடித்த தருணத்தோடு நேரே தொடர்புடைய குறி இது ஒன்றுதான். எனவே இடப்பெயரோடு திகதி எங்காவது எழுதப்பட்டிருந்தால், அதைத் தயங்காமல் ஏற்றுக்கொள்ளலாம். கெய்ஸ்மனுக்கு மனமுவந்து பணம் கொடுத்த அதே 1914 இல், ஈஸ்ற்மன் வேறொரு வழக்கில் 50 இலட்சம் டொலர் கொடுக்க நேர்ந்தது என்பது வேடிக்கை. ஒளி ஊடுபுகும் செலுலொயிட் பிலிமுக்கு ஹனிபல் குட்வின் என்ற பாதிரியார் 1887 இல் விண்ணப்பித்த காப்புரிமை, பதினொரு ஆண்டு இழுபறிக்குப் பின் 1898 இல்தான் கிடைத்தது. அந்த உரிமையை மீறியதற்கான இழப்பீடே அந்தப் பெருந்தொகை.

ஓர் அவசர எச்சரிக்கை. கொடக் றோல் பிலிம்கள் 1950 வரை நைத்திரேற்றில் செய்யப்பட்டன. ஆகவே ஈப்போ நெகற்றிவ்களை நைத்திரேற்று என்றே கொண்டு நடவுங்கள். மஞ்சளித்தோ, பிசுபிசுத்தோ, காரமான அமில நெடியோடோ இருந்தால், மற்றவற்றிலிருந்து உடனே பிரித்துவிடுங்கள். சிகரட் தகரத்தில் இறுக்கி மூடி வைப்பது எல்லாவற்றிலும் கேடு. வெளியேறும் வாயு உள்ளேயே தங்கி அழிவை விரைவாக்கும். அமிலம் கலவாத தாளுறையில், ஓட்டு வீட்டின் பரண் போன்ற வெப்பமான இடத்தில் அல்லாமல், காற்றோட்டமுள்ள குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கொளுத்திப் பார்த்து அறியும் சோதனையை யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம்.

பதில் (கொக்குவிலிலிருந்து)

16 மி.மீ. சுருளில் உள்ளவை கொடக்கின் ஆண்டுக் குறிகள். வட்டம், சதுரம், முக்கோணம் ஆகியவற்றைத் தனித்தும் கூட்டியும் 1916 இலிருந்து அந்நிறுவனம் சினிமாப் பிலிமில் பயன்படுத்தியது. 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே குறி திரும்பி வரும். தனி முக்கோணம் 1918, 1938, 1958 ஆகிய ஆண்டுகளையும், இரட்டை வட்டம் அவற்றுக்கு அடுத்த 1919, 1939, 1959 ஆகிய ஆண்டுகளையும் குறிக்கும். 16 மி.மீ. பிலிம் அறிமுகமானதே 1923 இல் என்பதால் முதற் சுற்று தானாகவே விலகிவிடுகிறது. பிந்திய சுற்றுகளில் எது என்பதைப் படத்தில் உள்ளவர்களின் வயதைக் கொண்டு நீங்களே தீர்மானிக்கலாம். ஆறுதலான செய்தி, 16 மி.மீ. பிலிமைக் கொடக் தொடக்கத்திலிருந்தே பாதுகாப்பான அடித்தளத்தில்தான் செய்தது. இச்சுருளால் தீ ஆபத்து இல்லை. வினாகிரி மணம் வருகிறதா என்று மட்டும் பாருங்கள். வந்தால் அசற்றேற்று சிதையத் தொடங்கிவிட்டது, காலந்தாழ்த்தாமல் எண்ணிமப்படுத்த வேண்டும்.

இரண்டு குறிகள் இருப்பதால், உங்கள் கையில் இருப்பது மூலச் சுருள் அல்ல, நெகற்றிவ்விலிருந்து எடுத்த பிரதி என்று கொள்கிறேன். பிரதிப் பிலிமுக்குத் தொழிற்சாலையில் இட்ட சொந்தக் குறி கறுப்பாகத் தெரியும். மூல நெகற்றிவ்வின் ஓரத்தில் கறுப்பாக இருந்த குறி, பிரதி எடுக்கும்போது ஒளியை மறைத்ததால் வெளிறிப் பதிந்திருக்கிறது. எனவே முக்கோணம் மூலத்துக்கும் இரட்டை வட்டம் பிரதிக்கும் உரியவை. 1958 இல் தயாரான பிலிமில் பிடித்ததை, 1959 இல் தயாரான பிலிமில் பிரதி செய்திருக்கிறார்கள் என்பது ஒரு வாசிப்பு. இருபது ஆண்டு முன்தள்ளினாலும் அந்த உறவு மாறாது. நேரே நேர்ப்படமாகக் கழுவும் ரிவேர்சல் பிலிமாக இருந்தால் கறுப்பும் வெளிறலும் இடம் மாறும் என்பதையும் கருத்திற் கொள்ளுங்கள். ‘சேஃப்டி’ என்ற சொல்லின் எழுத்துகளுக்கு இடையே ஒரு சிறு புள்ளி தெரிந்தால் அதையும் குறித்து வையுங்கள். அது நிற்கும் இடம், பிலிம் அமெரிக்காவிலா, கனடாவிலா, இங்கிலாந்திலா தயாரானது என்பதைக் காட்டும்.

கணினியில் ஏற்றும்போது ஸ்கானரோடு வரும் பிளாஸ்ரிக் சட்டத்தைப் பயன்படுத்த வேண்டாம். அது ஓரத்தை மறைத்துவிடும். கீலத்தை நேரே கண்ணாடியில் கிடத்தி, மேலிருந்து ஒளி வரும்படி வைத்து, துளைகளும் விளிம்பும் முழுதாக விழும்படி ஒரு பதிவை எடுத்து, படத்துக்கென்று எடுக்கும் பதிவோடு சேர்த்து வையுங்கள். பட்டியலில் ஆண்டுக்கு இரண்டு நிரல்கள் விடுங்கள்: ஓரக் குறி தரும் ஆண்டு ஒன்றில், படத்தின் உள்ளடக்கத்திலிருந்து நீங்கள் கணித்த ஆண்டு மற்றதில்.